ராபர்ட் பிரீயர்: நாலுக்கு ஆறு அங்குல அட்டையில் ஐம்பது வருஷம்

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: "ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன். ஸ்டூடியோவில் சேர்ந்து யாரோ எழுதிய கதைக்கு அசைவு கொடுக்க மனம் வரவில்லை. தனி ஆளாகச் சோதனை அனிமேஷன் செய்துகொண்டே, கலைக் கல்லூரி வாத்தியாராக வாழ்க்கையை ஓட்டியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா? எப்படி ஓட்டினார்கள்?"

இருக்கிறார்கள். ஜூல்ஸ் ஏங்கல் டிஸ்னியிலும் யுபிஏ என்ற கார்ட்டூன் ஸ்டூடியோவிலும் வேலை பார்த்தவர். பிறகு 1970 வாக்கில் கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் சோதனை அனிமேஷனுக்கென்றே ஒரு துறையை உண்டாக்கினார். சூசன் பிட் 18 நிமிடப் படம் ஒன்றால் பேர் வாங்கி, ஹார்வர்டிலும் கால்ஆர்ட்ஸிலும் பாடம் எடுத்தார். நான் இங்கே விரிவாகச் சொல்லப்போவது ராபர்ட் பிரீயரைப் பற்றி. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "வாத்தியார் வேலை இருந்ததால் படம் எடுக்க முடிந்தது" என்று முடித்துவிடுவார்கள். வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அப்படிப் போகவில்லை.

பிரீயர் 1926-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பா கார்ல் பிரீயர் கிரைஸ்லர் கம்பெனியின் பெரிய எஞ்சினியர்களில் ஒருவர். 1934-இல் வந்த ஏர்ஃப்ளோ என்ற கார், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி வளைவாக வடிவமைத்த கார், அவர் கைவண்ணம். விற்பனையில் அது படுத்துவிட்டது என்பது வேறு விஷயம். மகனும் ஸ்டான்ஃபோர்டில் எஞ்சினியரிங்கில்தான் தொடங்கினார், நடுவில் ஓவியத்துக்கு மாறினார். 1949-இல் பாரிஸ் போனவர் பத்து வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்.

அப்போது அவர் அனிமேட்டர் இல்லை. டச்சு ஓவியர் மோந்திரியான் வழியில் நேர்கோடு, தட்டையான வண்ணப் பரப்பு என்று வரைந்துகொண்டிருந்த ஓவியர். அந்த மாதிரி ஓவியத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒரு சிவப்புக் கட்டத்தை அரை அங்குலம் தள்ளி வைத்தால் படமே மாறிவிடும். தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு நிலையில் நிறுத்துகிறோம். நிறுத்துவதற்கு முன்னால் வந்துபோன இருபது நிலைகள் வண்ணத்துக்கு அடியில் புதைந்துவிடும். பிரீயருக்கு அந்த இருபதும் கடைசி நிலையைவிடச் சுவாரசியமாகத் தெரிந்தன. அப்பாவின் போலெக்ஸ் கேமராவை வாங்கி, ஒவ்வொரு நிலையையும் ஒரு பிரேமாக எடுத்துக் கோத்தார். 1952-இல் வந்த 'ஃபார்ம் ஃபேஸஸ்' முதல் படம் அப்படி உருவானது. ஓவியத்தை அசையவைக்கும் ஆசையில் எடுத்த படமாக எனக்கு அது தெரியவில்லை, ஓவியம் நிலைகொள்ளும் வழியைப் பார்க்கத்தான் எடுத்திருக்கிறார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களைப் போல ஓவியத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் வரைந்த உருவத்துக்கு 'நடை பழக்கும்' பயிற்சிகளில் மாட்டிக்கொண்டு, தாங்கள் எதைத் தேடி வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

நாலைந்து வருஷத்தில் அவர் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டின் ஓரத்தில் குச்சி மனிதன் வரைந்து, பக்கங்களைச் சர்ரென்று புரட்டி ஓடவிட்டிருப்பீர்கள். அதில் வித்தை என்னவென்றால், பக்கத்துக்குப் பக்கம் படம் துளிதான் மாறும். மாற்றம் சின்னதாக இருப்பதால் மூளை இரண்டையும் ஒட்டவைத்து 'அசைவு' என்று எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவும் இதை நம்பித்தான் ஓடுகிறது. வழக்கமான அனிமேஷனில் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள், அதாவது நொடிக்குப் பன்னிரண்டு படம். பிரீயர் கேட்ட கேள்வி: ஒட்டவே ஒட்டாத படங்களை அடுத்தடுத்து வைத்தால்? முதல் பிரேமில் ஒரு பொம்மை, அடுத்ததில் கசங்கிய காகிதம், அடுத்ததில் ஒரு கத்தி, அடுத்ததில் வெறும் நீலம். 1956-57-இல் எடுத்த 'ரிக்ரியேஷன்' ஏறக்குறைய முழுக்க இப்படித்தான். இரண்டு நிமிடம்கூட வராது. படத்தின் மேல், சினிமா விமர்சகர் நோயல் பர்ச் எழுதிய பிரெஞ்சு வாசகம் ஒன்று குரலாக, வார்த்தை விளையாட்டாக ஓடிக்கொண்டிருக்கும்.

பார்க்கும்போது நடப்பது வினோதம். எதையும் முழுதாகப் பார்த்த உணர்வு வராது, ஆனால் பார்க்காமலும் இல்லை. சில உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, படத்தில் இல்லாத மூன்றாவது உருவம் கண்ணில் உண்டாகும். சில மட்டும் பளிச்சென்று தனித்து நிற்கும். இரண்டாவது தடவை பார்க்கும்போது வேறு சில தனித்து நிற்கும். முதல்முறை எனக்குத் தலைவலி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1961-இல் எடுத்த 'பிளேஸஸ்' இதே யோசனையின் கறாரான வடிவம். நூறு படங்கள்தான். அவற்றையே இடம் மாற்றி மாற்றி 4,000 பிரேம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2 நிமிடம் 47 நொடி. இங்கே ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். 16 எம்எம் பிலிமில் அடிக்கு 40 பிரேம், போலெக்ஸில் போடும் சாதாரண ரோல் 100 அடி. ஆக 4,000 பிரேம் என்பது சரியாக ஒரு ரோல். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய மற்றப் படங்களையும் பார்த்தபிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் இருக்கும் பொருளின் அளவே படைப்பின் அளவு என்பது அவரிடம் திரும்பத் திரும்ப வரும்.

பாரிஸ் நாட்களில் அவர் யாரோடு பழகினார் என்பதும் முக்கியம். டெனிஸ் ரெனே கேலரியில் 1955-இல் 'அசைவு' என்ற தலைப்பில் நடந்த காட்சி, அசையும் கலையின் வரலாற்றில் தவறாமல் குறிப்பிடப்படுவது. டூஷான், கால்டர், வாசரேலி, டாங்லி, சோட்டோ என்று பேர்பெற்ற ஓவியர்கள், சிற்பிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அதே வருஷம் அதே வட்டத்தில் பிரீயர் ஒரு ஃபிளிப் புக் வெளியிட்டார். பிரொஜெக்டர் வேண்டாம், இருட்டறை வேண்டாம், கட்டைவிரல் போதும். பான்டஸ் ஹுல்தேன் என்ற ஸ்வீடன்காரரோடு சேர்ந்து 1954-இல் போப்பாண்டவரை வைத்து அரை நிமிடக் கேலிப்படம் ஒன்றும் எடுத்தார். அந்த ஹுல்தேன் பிற்பாடு ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும், அப்புறம் பாரிஸ் பாம்பிடூ மையத்தின் அருங்காட்சியகத்துக்கும் இயக்குநர் ஆனார். ஆக, பிரீயரின் முதல் பார்வையாளர்கள் சினிமாக்காரர்கள் இல்லை, ஓவியர்களும் சிற்பிகளும். அனிமேஷன் விழாக்களில் இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: உங்கள் ஆட்கள் அங்கே இல்லாமல் இருக்கலாம், பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

1959-இல் அமெரிக்கா திரும்பினார். அடுத்த வருஷம் சிற்பி டாங்லி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், தன்னைத் தானே உடைத்து அழித்துக்கொள்ளும் ஓர் இயந்திரத்தை ஓடவிட்டார். அதைப் படமெடுத்தது பிரீயர். 1962-இல் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க்கோடு ஒரு படம். 1964-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மேடை நிகழ்ச்சி ஒன்று நியூயார்க்கில் நடந்தபோது அதற்குள் காட்டப்பட்ட 'ஃபிஸ்ட் ஃபைட்'. குடும்பப் போட்டோக்கள், வீட்டில் கிடந்த சாமான்கள், கிறுக்கல்கள் எல்லாம் அதில் சீறிப் பாயும். படங்களை வெளியே கொண்டுபோன வழி பெரிய விநியோகஸ்தர் இல்லை. 1962-இல் ஜோனஸ் மேகாஸ் முதலான படைப்பாளிகள் நியூயார்க்கில் தொடங்கிய பிலிம் மேக்கர்ஸ் கோஆப்பரேட்டிவ், பிறகு மேற்குக் கரையில் அதே மாதிரி கேன்யன் சினிமா. கல்லூரிகளும் பிலிம் கிளப்புகளும் பிரதியை வாடகைக்கு எடுக்கும், படத்தை உருவாக்கியவருக்கு அதில் பங்கு வரும். படத்தின் உரிமை யாரிடமும் போகாது. பணம் பெரிதாக வராது, ஆனால் நாற்பது வருஷத்துக்கு முந்திய படமும் பட்டியலில் உயிரோடு இருக்கும்.

நடுவில் இன்னொரு திசையிலும் போனார். 1960-களின் மத்தியில் 'மிதவைகள்' என்று அவர் பெயரிட்ட சிற்பங்கள். அடியில் சின்ன மோட்டார், மேலே வெள்ளையாக ஒரு மூடி, தரையில் ஊரும். எவ்வளவு மெதுவாக என்றால், நேராகப் பார்த்தால் நின்றுகொண்டிருக்கும், திரும்பிப் பார்த்தால் இடம் மாறியிருக்கும். 1970-இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில், பெப்சி அரங்கத்துக்கு வெளியே ஆறடி உயரத்தில் ஏழு வெள்ளைக் குமிழ்கள் நிமிடத்துக்கு இரண்டடிக்கும் குறைவான வேகத்தில், முனகிக்கொண்டே ஊர்ந்தன. படத்தில் நொடிக்கு 24 தடவை அதிரவைத்த அதே மனிதர்தான். கண்ணால் பிடிக்க முடியாத வேகம் ஒரு பக்கம், கண்ணால் பிடிக்க முடியாத நிதானம் மறுபக்கம். இரண்டிலும் அவர் சோதித்தது ஒன்றையேதான்: எந்தப் புள்ளியில் நாம் 'அசைகிறது' என்கிறோம்?

சரி, வாத்தியார் வேலைக்கு வருவோம். நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் அவர் பாடம் எடுக்கத் தொடங்கியது 1971-இல். அப்போது வயது 45-ஐ நெருங்கிவிட்டது. முதல் படம் எடுத்து 19 வருஷம் ஆகியிருந்தது. நான் மேலே சொன்ன அத்தனையும் அதற்கு முன்னால் நடந்து முடிந்தவை. வேலை கிடைத்ததால் படம் வந்தது என்பதைவிட, படங்கள் இருந்ததால் வேலை வந்தது என்பதுதான் பொருத்தம். உங்கள் கேள்வியில் வாத்தியார் வேலை ஆரம்பத்திலிருந்தே கூடவே வருகிறது. அவர் வாழ்க்கையில் அது பாதிவழியில் வந்தது.

வந்தபிறகு 30 வருஷம் விடவில்லை, 2001 வரை. கூப்பர் யூனியன் கொஞ்சம் விசேஷமான இடம். 1859-இல் பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர் நிறுவியது. பிரீயர் அங்கே இருந்த காலம் முழுக்கச் சேர்ந்த எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணம் முழுசாகத் தள்ளுபடி (2014-இல்தான் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள்). கட்டணக் கடன் தலைக்கு மேல் இல்லாத மாணவன் முன்னால் நின்று 'ஒவ்வொரு பிரேமும் வேறு வேறாக இருக்கட்டும்' என்று சொல்வது எளிது. நானும் சில வருஷம் ஒரு கல்லூரியில் அனிமேஷன் வகுப்பு எடுத்தவன். கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்த பையன், "இதுக்கு வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்கும்போது வாய் அடைத்துப்போகும். பிரீயரின் வாழ்க்கையை மேற்கோள் காட்டும்போது இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது.

இனி முக்கியமான பகுதி, அவர் வேலை செய்த விதம். நாலுக்கு ஆறு அங்குல இன்டெக்ஸ் கார்டு. லைப்ரரியில் புத்தகக் குறிப்பு எழுதும் அட்டை மாதிரி, எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கட்டுக்கட்டாகக் கிடைப்பது. பென்சில், கிரேயான், ஸ்பிரே பெயின்ட், மார்க்கர், வெட்டி ஒட்டிய போட்டோ எல்லாம் அதன் மேல்தான். அட்டையைக் கட்டாகப் பிடித்துக் கட்டைவிரலால் புரட்டினால் அசைவு சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டு வேறு வரிசையில் எடுக்கலாம். 1968-இல் எடுத்த '69' என்ற படத்தில் இதைத்தான் செய்தார். கறாரான கோட்டு வடிவங்கள் ஒழுங்காகச் சுழன்றுகொண்டு தொடங்கும், போகப்போக அந்த ஒழுங்கு தானே குலைந்து சிதறும். அட்டைகளைக் கலைத்துவிட்டார், அவ்வளவுதான். சோதனை அனிமேஷனில் எனக்கு ஒரே ஒரு படம்தான் அனுமதி என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அட்டையின் அளவு வேறு ஒன்றையும் தீர்மானித்தது. கைக்கு அடங்குகிற அட்டையில் நுணுக்கமாக வரைய இடமில்லை, அதனால் கோடு எளிமையானது. பெரிய மேஜை வேண்டாம், உதவியாளர் வேண்டாம், வகுப்பு இல்லாத நாளில் வீட்டில் உட்கார்ந்து இருபது அட்டை வரையலாம். வாரத்தில் சில நாள் பாடம் எடுக்கிற ஒருவரால் செய்யக்கூடிய அளவுக்கு ஒரு முறையை வேலைக்கு முன்பே அவர் உண்டாக்கி வைத்திருந்தார். எழுபது மிமீ கனவோடு வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் பலர் வாத்தியாராகவே முடிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூப்பர் யூனியன் வருஷங்களில் வந்தவற்றில் பேர் பெற்றது 1974-இன் 'ஃபூஜி'. ஜப்பானில் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக ஃபூஜி மலையைச் சின்ன கேமராவில் பிடித்திருக்கிறார். ஊருக்கு வந்து அந்தக் காட்சிகளை பிரேம் பிரேமாக அட்டைமேல் விழவைத்துக் கோடு இழுத்தார், அதாவது ரோட்டோஸ்கோப். சாதாரணமாக ரோட்டோஸ்கோப்பை அச்சு அசலாக நகலெடுக்கப் பயன்படுத்துவார்கள். பிரீயர் பாதியை விட்டுவிடுவார். மலை மட்டும் ஒரு முக்கோணமாக நிற்கும், முன்னால் கம்பங்களும் கூரைகளும் கோடுகளாக ஓடும், வண்ணம் பிரேமுக்குப் பிரேம் மாறித் துடிக்கும். தடக் தடக் என்று ரயில் சத்தம் மட்டும் விடாது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போன எவருக்கும் தெரிந்த அனுபவம்: பக்கத்தில் இருப்பது பறக்கும், தூரத்து மலை நம்மோடு கூடவே வரும். ஒன்பது நிமிடத்துக்குள் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம். 2002-இல் அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

அதற்குப் பிறகு வந்தவற்றின் பெயர்களைப் பார்த்தாலே எங்கிருந்து எடுத்தார் என்று தெரியும். 'டி இசட்', வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாப்பன் ஸீ பாலம். 1981-இல், பாக்கெட்டில் வைக்கும் சுவிஸ் கத்தியோடு எலிகளும் புறாக்களும். 1986-இன் 'பேங்!' சிறுவயது நினைவுகள். 1993-இல் 'ஸ்பார்க்கில் அவென்யூ', அவர் குடியிருந்த பகுதி. 2000-இல் எழுத்துவரிசையை வைத்து ஒன்று. எண்பதுகளின் படங்களில் சில துணுக்குச் சிரிப்பாகவே நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம். ஆனாலும் மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை பத்து நிமிடத்தைத் தாண்டாதவை. கைக்கு எட்டாத எதையும் அவர் கேட்கவில்லை.

கமர்ஷியல் பக்கம் திரும்பியே பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். எழுபதுகளில் 'எலெக்ட்ரிக் கம்பெனி' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சிக்குச் சின்னச் சின்ன அனிமேஷன் செய்தார். 1988-இல் நியூ ஆர்டர் இசைக்குழுவின் 'புளூ மண்டே' பாட்டு மறுபடி வந்தபோது அதன் வீடியோவைப் புகைப்படக் கலைஞர் வில்லியம் வெக்மனோடு சேர்ந்து செய்தார். வெக்மனின் நாய் ஒரு பக்கம், பிரீயரின் கோடுகள் மறுபக்கம். அவர் பேரைக் கேள்விப்படாத லட்சக்கணக்கான பேர் அவர் கோட்டைப் பார்த்தது இதில்தான். தன் பாணியை மாற்றிக்கொள்ளாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் எடுத்தார் என்பதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் நம்பி இறங்கலாமா என்று கேட்டால், வேலை கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். நம் ஊரில் கலைக் கல்லூரி நிரந்தர வேலை என்பது எப்போது அறிவிப்பு வரும், எப்போது நிரப்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாதது. கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் வாடகை கொடுப்பதே கஷ்டம். பகலில் ஸ்டூடியோ வேலை, இரவில் உங்கள் அட்டைகள் என்றுகூட இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏங்கலே அப்படி வந்தவர்தான். ஆனால் உங்கள் படத்தின் அளவை இப்போதே முடிவு செய்யுங்கள்: தனி ஆள், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், கையில் இந்தப் பொருள். அதற்குள் அடங்குகிற முறையைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

கடைசியாக, படங்களைப் பார்ப்பது பற்றி. 1957-இன் 'ஒரு மனிதனும் அவன் நாயும் காற்று வாங்கப் போகிறார்கள்' என்பதில் தொடங்குங்கள். கறுப்புக் கோடு மட்டும்தான், தலைவலி வராது. அடுத்து 'ஃபூஜி', பிறகு '69', கடைசியில் 'ரிக்ரியேஷன்'. ஆன்லைனில் கிடைக்கும் மங்கலான பிரதிகளை வைத்துக் கடைசி இரண்டையும் எடைபோட வேண்டாம். இணைய வீடியோவைச் சுருக்கும் முறை, அடுத்தடுத்த பிரேம்கள் ஒன்றுபோல இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிறது. எல்லா பிரேமும் வேறாக இருந்தால் அது திணறி, எல்லாவற்றையும் குழப்பிக் கூழாக்கிவிடும். 24 பிரேமை 30-க்கு மாற்றிய பிரதியாக இருந்தால் சில இடங்களில் இரண்டு படங்கள் ஒன்றாகக் கலந்தே வந்து நிற்கலாம். நல்ல பிரதி கிடைத்தால், ஒருமுறை முழு வேகத்தில் பார்த்துவிட்டு, மறுமுறை பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். முதல்முறை பார்த்ததாக நினைத்த உருவங்களில் எத்தனை நிஜமாகவே அங்கே இருந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.